முதல் முயற்சியிலேயே ட்யூப் போக: புதிய மருத்துவர்களுக்கு எந்த லாரிங்கோஸ்கோப்?

"வியூ கிடைச்சிருச்சு சார், ட்யூப் போகலை." மூச்சுக்குழாய்க்குள் சுவாசக் குழல் (ட்யூப்) விட வழிகாட்டும் லாரிங்கோஸ்கோப்பில், கேமராவும் திரையும் கொண்ட வீடியோ வகை வந்த பிறகு ஹவுஸ் சர்ஜன்களும் முதலாண்டு பி.ஜி.களும் அடிக்கடி சொல்வது இது. வாய்க்குள் நேராகப் பார்க்க வேண்டிய மேக்கின்டோஷ் பிளேடு மட்டும் இருந்தபோது "ஒண்ணுமே தெரியலை சார்" என்பார்கள். இரண்டும் வேறு வேறு தோல்விகள். முதலாவதில் குரல்நாண்கள் கண்ணுக்கு எதிரே இருந்தும் குழல் அங்கே திரும்ப மறுக்கிறது. இரண்டாவதில் பார்வையே கிடைப்பதில்லை. ஒவ்வொரு கருவியும் தனக்கென்று ஓர் இடத்தில் தோற்கிறது. அந்த இடம் எது, அங்கே சிக்கினால் கை என்ன செய்ய வேண்டும் என்பதை வைத்தே இந்த ஒப்பீடு.

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி வட்டாரத்தில் கேஷுவாலிட்டி ட்யூட்டி பார்க்கப்போகும், இன்னும் ஐம்பது ட்யூப் போட்டிராத மருத்துவர்களை நினைத்து எழுதியிருக்கிறோம். ஐம்பது என்பதற்குக் காரணம் உண்டு. நேரடி லாரிங்கோஸ்கோப்பால் பத்தில் ஒன்பது முறை வெற்றி என்ற நிலையை எட்ட ஏறத்தாழ அத்தனை நோயாளிகள் தேவை என்று மயக்கவியல் பயிற்சியை அளந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதுவும் வெறும் வயிற்றோடு, தளர்த்தும் மருந்து கொடுக்கப்பட்டு, நல்ல வெளிச்சத்தில் படுத்திருக்கும் தியேட்டர் நோயாளிகளிடம். சாப்பிட்ட வயிறும் ரத்தமும் கழுத்துப் பட்டையுமாக 108-ல் வந்து இறங்கும் நோயாளியிடம் அந்தக் கணக்கு செல்லாது.

எங்கள் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். புதியவர் கையில் முதலில் இருக்க வேண்டியது மேக்கின்டோஷ் வடிவ பிளேடு கொண்ட வீடியோ லாரிங்கோஸ்கோப். கூடவே வலப்பக்கத் தட்டில் ஒரு பூஜி (ட்யூபுக்கு வழிகாட்டும் நீளமான குச்சி), உறை பிரித்துத் தயாராக ஒரு ஐ-ஜெல் (குரல்வளையின் மேல் பொருந்தி நின்று காற்று செலுத்தும் குழல்). வீடியோ இல்லாத இடத்தில் சாதாரண மேக்கின்டோஷும், முதல் முயற்சியிலிருந்தே பூஜியும். அதிக வளைவுள்ள பிளேடை தியேட்டரில் பழகாமல் கேஷுவாலிட்டியில் முதன்முறையாக எடுக்காதீர்கள்.

வீடியோவை முன்னே வைப்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. அமெரிக்காவின் அவசரப் பிரிவுகளிலும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் 1,417 பெரியவர்களைச் சேர்த்து நடந்த டிவைஸ் ஆய்வு 2023-ல் வெளியானது. முதல் முயற்சியில் வெற்றி, வீடியோவில் 85.1 சதவீதம், நேரடிப் பார்வையில் 70.8 சதவீதம். குழல் செலுத்தியவர்களில் பெரும்பாலோர் பயிற்சி நிலை மருத்துவர்கள் என்பதால் இந்த எண்கள் நமக்கு நேராகப் பொருந்தும். ஆனால் கடுமையான சிக்கல்களின் அளவில் இரண்டு பக்கமும் வேறுபாடு தெரியவில்லை. கேமரா வந்துவிட்டதால் ஆக்சிஜன் ஏற்றுவதையும் ரத்த அழுத்தத்தைப் பார்ப்பதையும் தளர்த்திக்கொள்ள முடியாது.

கருவியைக் கையில் எடுக்கும் முன்

கருவிச் சண்டையில் பாதி, தலையணை சரியில்லாத சண்டைதான். நோயாளியின் காதுத்துளையும் மார்பெலும்பின் மேல்குழியும் ஒரே கிடைக்கோட்டில் வரும்வரை தலைக்கடியில் மடித்த பெட்ஷீட்டுகளை அடுக்குங்கள். பருமனானவர்களுக்குத் தோளிலிருந்தே சரிவாக அடுக்க வேண்டும். கட்டிலின் தலைப்பக்கத்தை 20 முதல் 30 டிகிரி உயர்த்துங்கள். நோயாளியின் நெற்றி உங்கள் மார்பின் கீழ்விளிம்பு உயரத்துக்கு வரட்டும். குனிந்து நின்றால் கை நடுங்கும், பார்வைக் கோடும் கெடும். கழுத்து எலும்பில் அடி என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் தலையை உயர்த்தும் இந்த வேலை கூடாது.

நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜன், ரிசர்வாயர் பையுடன் ஆம்பு (கையால் அமுக்கிக் காற்று கொடுக்கும் பை), முகத்தில் இறுகப் பொருந்திய மாஸ்க், 3 நிமிடம். மாஸ்க்குக்கு அடியில் மூக்குக் குழலும் இருக்கட்டும். நோயாளி மயங்கியதும் அதையும் 15 லிட்டருக்கு ஏற்றி, ட்யூப் போடும் நேரம் முழுக்க ஓட விடுங்கள். ஒரு நிமிடம் கூடுதலாகக் கிடைத்தால்கூடப் புதியவருக்கு அது பெரிய உதவி.

சக்‌ஷன் ஓடுகிறதா என்று காதால் கேட்டு உறுதிசெய்து, வாயில் உள்ளதை உறிஞ்சும் கெட்டியான யாங்காவர் முனையை நோயாளியின் தலையின் வலப்பக்கம் மெத்தைக்கடியில் செருகுங்கள். ஆண்களுக்கு 7.5 அல்லது 8, பெண்களுக்கு 7 அல்லது 7.5 ட்யூப். அதற்கு அரை அளவு சிறியது ஒன்று பக்கத்தில். கஃப்பை (ட்யூபின் முனைக்கு அருகிலுள்ள பலூன்) ஊதிப் பார்த்து முழுதாக வடியுங்கள். பிறகு திட்டத்தை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்: "முதல்ல வீடியோ, பூஜியோட. சாச்சுரேஷன் 93 வந்தா யாராவது சத்தமா சொல்லுங்க, வெளியே வந்து பேக் பண்றேன். ரெண்டு தடவை போகலைன்னா ஐ-ஜெல்." உங்களுக்கு இரண்டு முயற்சி, அதற்குமேல் மூத்தவருக்கு. ஒவ்வொரு கூடுதல் முயற்சியும் குரல்வளையை வீங்கச் செய்து அடுத்தவர் வேலையையும் கடினமாக்குகிறது.

சாதாரண மேக்கின்டோஷ்

1943-ல் ராபர்ட் மேக்கின்டோஷ் வடிவமைத்த இந்த வளைந்த பிளேடு இன்றும் எல்லா ட்ரேயிலும் இருக்கிறது. கைப்பிடியில் பேட்டரி இருந்தால் போதும்; மின் இணைப்பு, சார்ஜ், திரை எதுவும் வேண்டாம். பெரியவர்களுக்கு 3 அல்லது 4.

1. கைப்பிடியை இடது கையில், பிளேடு சேரும் இடத்துக்கு அருகே தாழ்வாகப் பிடியுங்கள். வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கத்தரி மாதிரி குறுக்கே போய்ப் பற்களைப் பிரிக்கட்டும்.
2. வாயின் வலது ஓரத்தில் நுழைந்து, நாக்கை முழுவதும் இடப்பக்கம் ஒதுக்கியபடி நடுக்கோட்டுக்கு வாருங்கள். பிளேடின் வலப்பக்கம் நாக்கு பிதுங்கி நின்றால் குழலுக்கு வழியிருக்காது. வெளியே வந்து மறுபடி தொடங்குங்கள்.
3. குரல்வளை வாயை மூடும் மடலான எபிகிளாட்டிஸைத் தேடிக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக இறங்குங்கள். புதியவர்களின் பெரிய பிழை, பிளேடை முழு நீளத்துக்கும் இறக்கிவிட்டு எபிகிளாட்டிஸைத் தாண்டிப் போவது. அப்போது தெரியும் இளஞ்சிவப்புத் துவாரம் உணவுக்குழாய். ஒன்றும் அடையாளம் புரியாதபோது மெல்ல வெளியே இழுத்தால், எபிகிளாட்டிஸ் தானாக முன்னே விழும்.
4. முனையை நாக்கின் வேருக்கும் எபிகிளாட்டிஸுக்கும் இடையிலுள்ள வல்லெக்யூலா பள்ளத்தில் பதித்து, கைப்பிடி நீளும் திசையிலேயே தூக்குங்கள். எதிர்ச் சுவரும் மேற்கூரையும் சேரும் மூலையை நோக்கி என்று வைத்துக்கொள்ளலாம். மணிக்கட்டை மடக்கி நெம்பினால் மேல்பல் உடையும், பார்வையும் மேம்படாது.
5. குரல்நாண்கள் பாதிதான் தெரிகின்றனவா? உங்கள் வலது கையால் கழுத்தின் முன்னே தைராய்டு குருத்தெலும்பைப் பின்பக்கமும் மேலேயும் வலப்பக்கமும் அசைத்துப் பாருங்கள். நன்றாகத் தெரியும் இடத்தில் உதவியாளரின் விரல்களை வைத்து, "இங்கேயே பிடிங்க" என்று சொல்லுங்கள்.
6. ட்யூப் வலது கடைவாயிலிருந்து வரட்டும். பிளேடின் பள்ளத்து வழியே நேராக விட்டால் உங்கள் பார்வையை நீங்களே மறைத்துக்கொள்வீர்கள். ஸ்டைலெட் (ட்யூபுக்குள் விடும் வளைக்கக்கூடிய கம்பி) போட்டிருந்தால் கஃப்வரை நேராக, அதன்பின் 35 டிகிரிக்கு மேல் வளையாமல் இருக்க வேண்டும்.

கஃப் குரல்நாண்களைத் தாண்டி ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் போனதும் நிறுத்துங்கள். பல் வரிசையில் பெண்களுக்கு 21, ஆண்களுக்கு 23 சென்டிமீட்டர் என்பது தொடக்கக் கணக்கு. கஃப் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீரழுத்தம். கஃப்போடு இணைந்து வெளியே இருக்கும் பைலட் பலூனை விரலால் அமுக்கி மதிப்பிடுவது நம்பகமானதல்ல, மானோமீட்டரில் அளந்துவிடுங்கள்.

மேக்கின்டோஷ் வடிவ வீடியோ பிளேடு

சி-மேக்கின் சாதாரண பிளேடு, மெக்ராத் மேக் போன்றவை. கை அசைவு முழுக்க மேலே சொன்னதுதான், தனியாகக் கற்க வேண்டியது குறைவு. புதியவருக்கு இதை முதலில் கொடுக்கச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள். கற்பிப்பவர் திரையைப் பார்த்து "இன்னும் அரை சென்டி வெளியே வா, இப்ப தூக்கு" என்று சொல்ல முடிகிறது. நேரடி லாரிங்கோஸ்கோப்பில் பி.ஜி. என்ன பார்க்கிறார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். இரண்டாவது இன்னும் முக்கியமானது. வாந்தியோ ரத்தமோ லென்ஸில் படிந்து திரை சிவந்தால், கருவியை மாற்றாமல், அதே பிளேடு வழியாக வாய்க்குள் நேராகப் பார்த்து வேலையை முடிக்கலாம். வளைவு கூடிய பிளேடில் இது முடியாது.

இதில் வரும் பிழைகள்: தொடக்கத்திலிருந்தே கண்ணைத் திரையில் வைப்பதால் உதடு பல்லுக்கும் பிளேடுக்கும் நடுவே நசுங்குவது. குரல்வளையை மிக நெருங்கிப் பெரிய படம் எடுப்பதால் ட்யூப் திரும்ப இடமில்லாமல் போவது. திரையில் தெரிந்து நேரடியாகத் தெரியாத நிலை என்றால், நேரான ட்யூப் அந்த வளைவைத் தாண்டாது. அங்கேதான் பூஜி.

அதிக வளைவுள்ள பிளேடு

கிளைடுஸ்கோப், சி-மேக்கின் டி-பிளேடு இந்த வகை. கழுத்தை அசைக்க முடியாதவர்களிடமும், குரல்வளை முன்பக்கம் உயர்ந்திருப்பவர்களிடமும் இவை காட்டும் காட்சி வியக்க வைக்கும். அந்தக் காட்சியை நம்பித்தான் புதியவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். கேமரா மூலையைச் சுற்றிப் பார்க்கிறது, ட்யூபும் அதே மூலையைச் சுற்றிப் போக வேண்டுமே. மேக்கின்டோஷில் பழகிய கை இங்கே மூன்று இடங்களில் தவறு செய்யும்: வலது ஓரத்தில் நுழையும், நாக்கை ஒதுக்கும், பலம் கொண்டு தூக்கும். மூன்றும் வேண்டாம்.

பார்வை நான்கு கட்டமாக மாறும். முதலில் வாயைப் பார்த்து, நடுக்கோட்டில், நாக்கின் முதுகைத் தழுவியபடி பிளேடை விடுங்கள். அடுத்து திரையைப் பார்த்து எபிகிளாட்டிஸையும் குரல்நாண்களையும் கண்டுபிடியுங்கள். மூன்றாவதாக மறுபடி வாயைப் பாருங்கள். ட்யூபின் முனை நாக்குக்குப் பின்னே மறையும்வரை கண் வாயில்தான் இருக்க வேண்டும். கடைசியில் திரை. மூன்றாம் கட்டத்தைத் தாண்டிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு ட்யூபைத் தள்ளியதால் மென்மையான அண்ணத்திலும் டான்சில் தூணிலும் ஓட்டை விழுந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கேமராவுக்குத் தெரியாத அந்த இருட்டுப் பகுதியில் கடினமான ஸ்டைலெட் ஓர் ஆயுதம்.

ஸ்டைலெட் இல்லாமல் இந்த பிளேடைத் தொடாதீர்கள். அந்த நிறுவனத்தின் உறுதியான ஸ்டைலெட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் சாதாரண ஸ்டைலெட்டை பிளேடின் மேல் வைத்து, அதே வளைவுக்கு வளையுங்கள்.

"வியூ இருக்கு, போகலை" என்ற கட்டத்தில் வரிசையாக இவற்றைச் செய்யுங்கள். பிளேடை 1 முதல் 2 சென்டிமீட்டர் வெளியே இழுங்கள். குரல்நாண்கள் திரையின் மேல்பாதிக்குப் போய், கீழே ட்யூப் வர இடம் கிடைக்கும். காட்சி கொஞ்சம் மோசமாகட்டும், பரவாயில்லை. முழுக் குரல்வளையும் தெரிவதைவிடப் பாதி தெரியும்போதுதான் இந்தக் கருவியில் ட்யூப் சுலபமாகப் போகும். அடுத்து, முனை குரல்நாண்களுக்கு நடுவே வந்து நின்றுவிட்டால், உதவியாளரைக் கொண்டு ஸ்டைலெட்டை 3 சென்டிமீட்டர் அளவு பின்னே இழுக்கச் சொல்லி, அதே நேரம் ட்யூபை முன்னே விடுங்கள். அதற்கும் முட்டினால், ட்யூபின் முனை மூச்சுக்குழாயின் முன்சுவரில் இடிக்கிறது. ஸ்டைலெட்டை எடுத்துவிட்டு ட்யூபைக் கடிகார முள் திசையில் 90 டிகிரி திருப்புங்கள். சாய்வான வாய் திரும்பி வழுக்கிப் போகும். எந்தக் கட்டத்திலும் பலம் கூடாது.

பனி படிவது நம் ஊரில் பெரிய தொல்லை. குளிரூட்டிய தியேட்டரில் இருந்த பிளேடைக் கேஷுவாலிட்டியின் புழுக்கமான கடற்காற்றுக்குள் கொண்டுவந்தால், வாய்க்குள் போகும் முன்பே லென்ஸ் மங்கிவிடும். ஒரு நிமிடம் முன்னதாகவே இயக்கி வையுங்கள். பல மாதிரிகளில் லென்ஸைச் சூடாக்கும் வசதி உண்டு. இல்லாதவற்றுக்கு வெதுவெதுப்பான சலைனில் முனையை நனைத்துத் துடைத்தாலே போதும்.

குழல் பாதை கொண்டவை

ஏர்ட்ராக், கிங் விஷனின் பாதையுள்ள பிளேடு. ட்யூபை முன்பே பக்கவாட்டுப் பள்ளத்தில் ஏற்றி வைத்துவிடுவதால் ஸ்டைலெட் வேண்டாம், கற்பதும் சுலபம். ஏர்ட்ராக்கில் விளக்கைப் போட்டு, அது மினுக்குவது நின்று நிலையாக எரிந்த பிறகே உள்ளே விட வேண்டும். அப்போதுதான் லென்ஸ் சூடாகியிருக்கும். வாய் 18 மில்லிமீட்டராவது திறக்காவிட்டால் பெரியவர்களுக்கான வழக்கமான அளவு நுழையாது. இதன் தோல்வி குறி தவறுவதில். ட்யூப், குரல்நாண்களின் பின்னே உள்ள வலது அரிட்டனாய்டு குருத்தெலும்பில் போய் இடிக்கும். ட்யூபைத் திருகிப் பயனில்லை. முழுக் கருவியையும் கொஞ்சம் பின்னிழுத்து, செங்குத்தாக மேலே தூக்கி, குரல்நாண்களைக் காட்சியின் நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி தள்ளுங்கள். ட்யூப் போனபின் அதை விரலால் பல்லோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் பிரிக்க வேண்டும். அவசரத்தில் கருவியோடு ட்யூபும் வெளியே வந்துவிடுவது உண்டு. ரத்தமோ வாந்தியோ நிறைந்த வாயில் இதை எடுக்காதீர்கள்.

பூஜி

60 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட நீளமும் வளைந்த முனையும் கொண்ட இந்தக் குச்சிக்குச் சார்ஜ் தேவையில்லை, விலையும் குறைவு. எபிகிளாட்டிஸின் ஓரம் மட்டுமே தெரியும் நிலையில் இதற்கு இணை இல்லை. வளைந்த முனையை மேல்நோக்கி வைத்து எபிகிளாட்டிஸின் அடியில், நடுக்கோட்டில் விடுங்கள். மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையங்களில் முனை தட்டித் தட்டிப் போவது விரலுக்குத் தெரியும். 30 முதல் 40 சென்டிமீட்டருக்குள் தடுத்து நிற்கும். தட்டலும் இல்லை, தடையும் இல்லை, போய்க்கொண்டே இருக்கிறது என்றால் அது உணவுக்குழாயில் இருக்கிறது. தடை வருகிறதா என்று பார்க்க மென்மையாகவே தள்ளுங்கள், மூச்சுக்கிளையைக் குத்திவிட முடியும்.

பூஜிமேல் ட்யூபை ஏற்றும்போது லாரிங்கோஸ்கோப்பை வெளியே எடுத்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நாக்கைத் தூக்கிப் பிடித்தபடியே இருங்கள். "சிஸ்டர், ட்யூபை மாட்டி, பூஜி மேல்நுனியைப் பிடிச்சுக்குங்க" என்று சொன்னால் போதும். ட்யூப் குரல்வளை வாயில் முட்டினால் 2 சென்டிமீட்டர் பின்னிழுத்து, இம்முறை கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் 90 டிகிரி திருப்பி விடுங்கள்.

பூஜியை வழக்கமாகவே பயன்படுத்திய ஓர் அவசரப் பிரிவில் 2018-ல் வெளியான ஆய்வில் முதல் முயற்சி வெற்றி 98 சதவீதம், ஸ்டைலெட்டில் 87. பல மருத்துவமனைகளில் நடந்து 2021-ல் வந்த ஆய்விலோ பூஜியில் 80.4, ஸ்டைலெட்டில் 83 என்று, பொருட்படுத்தும் வேறுபாடு இல்லை. எங்களுக்கு இது சொல்வது: பழகிய கையில்தான் பூஜி உதவுகிறது. எளிதான நோயாளிகளிடமும் பூஜியோடு போட்டுப் பழகுங்கள்.

ஐ-ஜெல்

ட்யூப் போகவில்லை, சாச்சுரேஷன் இறங்குகிறது என்னும் நேரத்தில் புதியவர் கையில் விரைவாக வேலை செய்வது இதுதான். கஃப் ஊத வேண்டாம். 30 முதல் 60 கிலோவுக்கு 3, 50 முதல் 90 வரை 4, அதற்குமேல் 5. நீரில் கரையும் ஜெல்லை முதுகிலும் பக்கங்களிலும் முன்னேயும் தடவி, தாடையைக் கீழே தள்ளி, மேல் அண்ணத்தைத் தழுவியபடி தெளிவான தடை வரும்வரை விடுங்கள். கடிப்புப் பகுதியிலுள்ள கிடைக்கோடு பல்லோடு நிற்க வேண்டும். வயிற்றுக்கான துவாரம் வழியே 3, 4 அளவுகளில் 12 எண் ரைல்ஸ் ட்யூப் போகும். காற்று கசிந்தால் தலையைச் சற்று நிமிர்த்திப் பாருங்கள், பிறகு ஓர் அளவு பெரியதாக மாற்றுங்கள். இது தோற்பது அழுத்தத்தில்: நுரையீரல் இறுகியவர்களிடம் காற்று பக்கவாட்டில் கசியும், வாந்தியையும் முழுதாகத் தடுக்காது. அதனால் இது மூத்தவர் வரும்வரையிலான ஏற்பாடு. ஐ-ஜெல்லும் மாஸ்க்கும் இரண்டுமே வேலை செய்யாவிட்டால் கழுத்தின் முன்புறமாக மூச்சுக்குழாய்க்கு வழி திறக்க வேண்டும்: 10 எண் கத்தி, பூஜி, 6 எண் ட்யூப். அந்த மூன்றும் ஒரே பையில் ட்ராலியில் தொங்க வேண்டும்.

இங்கே வரும் நோயாளிகள்

பூச்சிமருந்து குடித்து வருபவரின் வாயில் எச்சிலும் நுரையும் ஊறிக்கொண்டே இருக்கும். சக்‌ஷன் முனையை முன்னே விட்டு, அதன் பின்னே பிளேடை நகர்த்துங்கள். பிறகு சக்‌ஷனை வாயின் இடது மூலையில் ஓடவிட்டபடி ட்யூப் போடுங்கள். மேக்கின்டோஷ் வடிவ வீடியோதான் இங்கே பொருத்தம். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து என்றால், தசை தளர்த்தும் மருந்தான சக்சினைல்கோலின் உடலில் சிதையாமல் நீண்ட நேரம் நிற்கும். அதற்குப் பதில் ரோக்குரோனியம், கிலோவுக்கு 1.2 மில்லிகிராம், பாதுகாப்பானது.

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரியில் அடிபட்டு வருபவருக்குக் கழுத்துப் பட்டையின் முன்பாதியைக் கழற்றி, ஒருவர் இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடிக்க வேண்டும். பட்டையோடு வாய் திறக்காது. இங்கே பழகியவர் கையில் அதிக வளைவுள்ள பிளேடு உண்மையிலேயே உயர்ந்தது. உங்களுக்குப் பழக்கமில்லையென்றால் மேக்கின்டோஷ் வடிவ வீடியோவும் பூஜியும். வீடியோ இல்லையென்றால் முனை நிமிரும் மெக்காய் பிளேடு எபிகிளாட்டிஸைத் தூக்கித் தரும்.

மணலி ஆலைத் தீயில் புகை சுவாசித்தவரின் குரல் கரகரத்து, மூக்கில் கரி இருந்தால் வீக்கம் மணிக்கு மணி கூடும். மூத்த மயக்கவியல் மருத்துவரை உடனே கூப்பிடுங்கள். 6, 6.5 ட்யூப்களும் தட்டில் இருக்கட்டும். காசிமேட்டிலிருந்து கடலில் மூழ்கி வருபவருக்கு நுரை நிற்காது. அதை உறிஞ்சிக்கொண்டே நேரம் கழிக்காமல், ஆக்சிஜனோடு காற்று கொடுத்து ட்யூபுக்குப் போங்கள். நிறைமாதக் கர்ப்பிணிக்கு 6.5 அல்லது 7 ட்யூப், கர்ப்பப்பை இடப்பக்கம் சாய்ந்திருக்கட்டும், மார்பில் இடிக்காத குட்டைக் கைப்பிடி. அவர்களின் சாச்சுரேஷன் மற்றவர்களைவிட வேகமாக விழும்.

குழந்தைகள் தனிப் பாடம். கஃப் உள்ள ட்யூபுக்கு வயதை 4-ஆல் வகுத்து 3.5 கூட்டுவது, ஆழத்துக்கு வயதில் பாதியோடு 12 கூட்டுவது என்ற இரண்டு கணக்கையும் நினைவில் வைத்து, போடும் வேலையை மூத்தவரிடம் விடுங்கள்.

உள்ளேதான் இருக்கிறதா?

எந்தக் கருவியாக இருந்தாலும் முடிவு சொல்வது, வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அலையாகக் காட்டும் காப்னோகிராஃப். ஒவ்வொரு மூச்சுக்கும் நிலையான அலை தொடர்ந்து வர வேண்டும். கோடு தட்டையாக இருந்தால் ட்யூப் உணவுக்குழாயில் என்றே கொண்டு வெளியே எடுங்கள். சி.பி.ஆர். நடக்கும்போதுகூடச் சிறிய அலையாவது வரும். ஸ்டெத் ஏமாற்றும், ட்யூபில் படியும் ஆவி உணவுக்குழாயிலிருந்தும் வரும், "நான் கண்ணால் பார்த்தேன்" என்பதும் ஏமாற்றும். அலை வந்தபின் இரண்டு பக்க மூச்சொலி, ஆழம், கட்டு, எக்ஸ்ரே.

பழகும் வரிசை

பொம்மையில் தொடங்குங்கள், ஆனால் பொம்மையின் நாக்கு விறைப்பானது, எச்சில் இல்லாதது. அங்கே எல்லாக் கருவியும் சுலபம். கையின் வரிசையைப் பழக மட்டுமே அது. தியேட்டரில் முதல் பத்துப் பதினைந்து நோயாளிகளிடம் மேக்கின்டோஷ் வடிவ வீடியோவில், நீங்களும் ஆசிரியரும் திரையைப் பார்த்தபடி. அதன்பின் திரையை ஆசிரியர் பக்கம் திருப்பிவிட்டு, நீங்கள் வாய்க்குள் நேராகப் பார்த்துப் போடுங்கள். இப்படி நேரடிப் பார்வையும் கைவசமாகும், ஆசிரியரும் கண் இல்லாமல் நிற்க மாட்டார். இதில் கை நிலைத்த பிறகே அதிக வளைவுள்ள பிளேடு, அதுவும் தொடர்ச்சியாகப் பல நோயாளிகளிடம். ஐ-ஜெல்லை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் கருவி, காட்சியின் தரம், முயற்சி எண்ணிக்கை, எங்கே முட்டியது என்பதைக் குறித்து வையுங்கள். நான்காவது தகவல்தான் உங்கள் ஆசிரியருக்கு மிகவும் பயன்படும்.

ட்யூட்டி மாறும்போது திரையின் சார்ஜைப் பார்ப்பது, கைப்பிடி பேட்டரியை எரியவிட்டுப் பார்ப்பது, பயன்படுத்திய பிளேடைத் தயாரிப்பாளர் சொன்ன திரவத்தில் சொன்ன நேரம் போட்டுக் கழுவி உலர்த்துவது, எல்லாம் அந்த ஷிப்டில் கடைசியாக ட்யூப் போட்டவரின் வேலை. லென்ஸை மட்டும் காய்ந்த காஸ் துணியால் தேய்க்காதீர்கள். கீறல் விழுந்த லென்ஸ் எப்போதும் பனி படிந்ததுபோலவே காட்டும்.